பழைய டெஸ்க்டாப்பில் கீபோர்டும் மவுஸும் ஒன்றாக நின்றுபோனால்

கேள்வி சுருக்கமாக இது: மேலூரில் ஜெராக்ஸ் கடை. இன்டெல் ஜி31 மதர்போர்டு போட்ட பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 7. போன வாரம் இடி மழையில் கரண்ட் இரண்டு மூன்று தடவை போய்ப் போய் வந்தது. மறுநாள் காலையிலிருந்து யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ் இரண்டுமே வேலை செய்யவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் வரை வந்து அப்படியே நிற்கிறது. புதிதாக ஒரு செட் வாங்கி மாட்டியும் அதே நிலைதான். "போர்டு போயிருச்சு, வேற சிஸ்டம் வாங்கிருங்க" என்கிறார் சர்வீஸ்காரர். அது உண்மையா?

அண்ணே, வேறு சிஸ்டம் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். போர்டு போயிருக்க வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்களை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. கீபோர்டு ஒரு சாமான், மவுஸ் இன்னொரு சாமான். இரண்டும் ஒரே இரவில் சேர்ந்து கெடுவது அபூர்வம். அப்படி நடந்தால் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்றில்தான் கோளாறு. 5 வோல்ட் கரண்ட், அதைக் காக்கும் சின்ன ஃபியூஸ், போர்ட்டுகளை நடத்தும் யுஎஸ்பி கன்ட்ரோலர், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் போர்டின் சொந்த மென்பொருள்) செட்டிங், சாமானை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் ஆகியவைதான் அந்தப் பொதுவானவை. புது செட் மாட்டியும் சரியாகவில்லை என்பதும் இதைத்தான் காட்டுகிறது. இந்த ஐந்தில் நான்கைப் போர்டை மாற்றாமலே சரிசெய்யலாம். கன்ட்ரோலரே போயிருந்தால்கூட அதற்கும் ஒரு மாற்றுவழி இருக்கிறது.

முதலில் செய்யவேண்டியது காசில்லாத வேலை. சிஸ்டத்தை அணைத்துவிட்டு, சுவரில் இருக்கிற பவர் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. யுபிஎஸ் இருந்தால் அதிலிருந்தும் கழற்றுங்கள். பின்னால் செருகியிருக்கும் எல்லாவற்றையும் எடுங்கள்: பிரின்டர், கைரேகை மெஷின், வெப் கேமரா, கார்டு ரீடர், பென் டிரைவ், லேன் கேபிள், மானிட்டர் கேபிள். பிறகு கேபினட்டின் பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள்.

இது ஏன் பலிக்கிறது என்றால், ஷட்டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி, முழுக்க நிற்பதில்லை. ஸ்டாண்ட்பை என்று ஒரு 5 வோல்ட் கரண்டை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். பல போர்டுகளில் யுஎஸ்பி போர்ட்டுகளும் அதில்தான் ஓடுகின்றன. கரண்ட் படபடவென்று போய் வரும்போது யுஎஸ்பி கன்ட்ரோலர் குழம்பி ஒரு நிலையில் சிக்கிக்கொண்டால், எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தக் குழப்பம் கலையாது. பிளக்கைப் பிடுங்கி, மிச்ச மின்சாரத்தையும் பவர் பட்டனை அழுத்தி வடித்தால்தான் அது புதிதாக எழும். இடி மழைக்குப் பிறகு வரும் இந்தப் புகாரில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் கழற்றச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பல யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு ஒரே ஃபியூஸ்தான் இருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்றில் ஷார்ட் ஆன சாமான் செருகியிருந்தால் அந்த வரிசை முழுக்கக் கரண்ட் நின்றுவிடும். எல்லாரும் பென் டிரைவ் செருகும் கடைகளில் முன்பக்கப் போர்ட்டுக்குள் இருக்கும் நாக்கு உடைந்து, நான்கு பித்தளைத் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் கேபினட்டைத் திறந்து, முன்பக்கப் போர்ட்டுகளிலிருந்து போர்டுக்கு வரும் 9 ஊசி கனெக்டரை உருவிவிட்டுச் சோதியுங்கள். ஒரு முன்பக்கப் போர்ட் பின்பக்கத்தில் இருக்கிறதையும் சேர்த்துப் படுக்க வைத்திருக்கும். யுஎஸ்பியில் ஓவர் கரண்ட் என்று எழுதிக் காட்டி 15 வினாடியில் தானாக அணைந்துவிடும் போர்டுகளும் உண்டு. அந்த எழுத்து வந்தால் காரணம் இந்த ஷார்ட்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

இதற்குப் பிறகும் அசையவில்லையா? கோளாறு விண்டோஸுக்கு முன்பா, பின்பா என்று கண்டுபிடிக்கவேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இந்தச் சோதனைதான் முக்கியம்.

பவர் பட்டனைத் தட்டியதும் கீபோர்டையும் மவுஸையும் கவனியுங்கள். கீபோர்டுக்குக் கரண்ட் வந்தால் அதன் மூன்று சின்ன விளக்குகளும் ஒரு கணம் மின்னி மறையும். மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரியும். சில மவுஸ்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி என்பதால், உங்கள் மவுஸில் முன்பு சிவப்பு தெரிந்ததா என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டிலுமே ஒளி இல்லையென்றால் போர்ட்டுக்கு 5 வோல்ட் வரவில்லை. ஒளி இருந்தால் கரண்ட் வருகிறது, பேச்சுத்தான் நடக்கவில்லை.

அடுத்து, பயாஸ் திரை, அதாவது கம்பெனி பெயரோ ரேம் கணக்கோ காட்டும் முதல் திரை தெரியும்போதே நம் லாக் பட்டனைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் நல்ல செய்தி. ஏனென்றால் அந்த விளக்கை எரிப்பது கீபோர்டு இல்லை, கம்ப்யூட்டர். நீங்கள் தட்டியது அங்கே போய்ச் சேர்ந்து, அது பதில் அனுப்பினால்தான் விளக்கு மாறும். போகவும் வரவும் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். கூடவே டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போக முடிகிறதா என்றும் பாருங்கள். போக முடிந்தால் போர்டும் போர்ட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, கோளாறு விண்டோஸில். "போர்டு போயிருச்சு" என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பயாஸில் வேலை செய்து விண்டோஸில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விஷயத்தில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். பயாஸ் திரை முடிந்து விண்டோஸ் லோகோ வருவதற்கு முன் எஃப்8 பட்டனை விட்டு விட்டுத் தட்டினால் கறுப்புத் திரையில் ஒரு மெனு வரும். அதில் 'லாஸ்ட் நோன் குட் கான்ஃபிகரேஷன்' என்று ஒன்று இருக்கும். கடைசியாகச் சரியாக லாகின் ஆனபோது இருந்த டிரைவர் அமைப்பை விண்டோஸ் தனியாக எடுத்து வைத்திருக்கும். மறுபடி வெற்றிகரமாக லாகின் ஆனதும் அதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். உங்களால்தான் பாஸ்வேர்டே அடிக்க முடியவில்லையே, அதனால் பழைய நல்ல அமைப்பு இன்னும் அழியாமல் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 7 வரை மட்டும் இந்த வசதி மெனுவில் நேராகக் கிடைக்கும்.

அது பலிக்காவிட்டால் அதே மெனுவில் சேஃப் மோடு. அதில் விண்டோஸ் தன் சொந்த அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும். அங்கே கீபோர்டும் மவுஸும் ஓடினால், வெளியிலிருந்து நிறுவிய ஏதோ ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. பிரச்சினை வந்த நாளுக்கு முந்தைய தேதிக்கு சிஸ்டம் ரீஸ்டோர் செய்வது சுலபமான வழி. உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. நடுவில் நிறுவிய மென்பொருளும் டிரைவரும் மட்டும் போகும்.

சேஃப் மோடில் உள்ளே போனதும் கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து மேனேஜ், பிறகு டிவைஸ் மேனேஜர் என்று போங்கள். கீபோர்ட்ஸ், மவுஸ், யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் ஆகிய மூன்று தலைப்புகளின் கீழ் மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இரட்டைக் கிளிக் செய்தால் எரர் கோடு, அதாவது கோளாறு எண் தெரியும். கீபோர்டில் கோடு 19 அல்லது 39 என்று வந்தால், விண்டோஸ் தன் செட்டிங்குகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்' என்ற இடத்தில் வேண்டாத பெயர் தங்கியிருக்கிறதா என்று சந்தேகப்படலாம். சில ஆன்டிவைரஸ், பாஸ்வேர்டு பாதுகாப்பு மென்பொருள்கள் கீபோர்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே தங்கள் டிரைவரை நுழைத்துவைக்கும். பாதியில் நின்ற நிறுவலோ அரைகுறை அன்இன்ஸ்டாலோ அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போகும். விண்டோஸ் இல்லாத டிரைவரைத் தேடி, கீபோர்டையே ஏற்ற மறுத்துவிடும். கீபோர்டுக்கு அந்த இடத்தில் 'கேபிடிகிளாஸ்' என்பதும், மவுஸுக்கு 'மவுகிளாஸ்' என்பதும்தான் இருக்கவேண்டியவை. அவற்றையும் சேர்த்து அழித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர் ரீஸ்டோரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டிவைஸ் மேனேஜரில் இன்னொரு எச்சரிக்கை. யுஎஸ்பி ரூட் ஹப் (ஒவ்வொரு கன்ட்ரோலரின் கீழும் இருக்கும் போர்ட்டுத் தொகுப்பு) எல்லாவற்றையும் வரிசையாக அன்இன்ஸ்டால் செய்தால் ரீஸ்டார்ட்டில் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். சரியாகும்தான். ஆனால் இரண்டாவது ஹப்பை நீக்கும்போதே உங்கள் மவுஸ் நின்றுவிட்டால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். அப்படி ஆனால் பதற வேண்டாம். பவர் பட்டனை ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுங்கள். விண்டோஸ் முறையாக மூடிக்கொள்ளும். மறுபடி ஆன் செய்தால் நீக்கிய ஹப்புகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும்தான் கரண்ட் வெட்டப்படும்.

சும்மா இருந்துவிட்டுத் திரும்பினால் நின்றுபோகிறது, ரீஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது என்றால் அது வேறு கதை. ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டால் போதும். கீபோர்டு மட்டும் செத்த மாதிரி இருந்து மவுஸ் ஓடினால், ஃபில்டர் கீஸ் ஆனாகியிருக்கிறதா என்று பாருங்கள். வலதுபக்க ஷிஃப்டை 8 வினாடி அழுத்திப் பிடித்தாலே அது ஆனாகும். மேலே ஏதாவது ஃபைல் கிடந்து அழுத்தினாலும் ஆகும். அதன்பிறகு சாதாரணமாகத் தட்டும் எழுத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, அழுத்திப் பிடித்தால்தான் எடுக்கும். மறுபடி 8 வினாடி பிடித்தால் அணையும். நல்ல கீபோர்டைத் தூக்கிப்போட வைக்கிற விஷயம் இது.

இனி இரண்டாவது பிரிவு: பயாஸ் திரையிலேயே கீபோர்டு அசையவில்லை. இங்கேதான் அவசரத் தீர்ப்புகள் வருகின்றன. இங்கேதான் நிதானமும் வேண்டும்.

உங்கள் கேபினட்டின் பின்னால் ஊதா நிறத்திலும் பச்சை நிறத்திலும் இரண்டு வட்டத் துளைகள் இருக்கும். 6 ஊசி போகும் பிஎஸ்/2 துளைகள். ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்தது. இன்று யாரும் சீண்டாத அந்தத் துளைதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சோதனைக் கருவி. காரணம், யுஎஸ்பி போர்ட்டுகள் சவுத் பிரிட்ஜ் என்ற பெரிய சிப்பிலிருந்து வருகின்றன. பிஎஸ்/2 அதிலிருந்து வருவதில்லை. சூப்பர் ஐஓ என்ற தனிச் சிப்பிலிருந்து வருகிறது. இரண்டும் வெவ்வேறு பாதை. தெரிந்த கடையிலோ பழைய சாமான் போட்டிருக்கிற இடத்திலோ ஒரு பிஎஸ்/2 கீபோர்டை இரவல் வாங்குங்கள். அது ஓடினால் யுஎஸ்பி பக்கம் மட்டும் கோளாறு, மற்றபடி போர்டு உயிரோடு இருக்கிறது.

பிஎஸ்/2-வை மாட்டும்போது சிஸ்டம் அணைந்திருக்கவேண்டும். யுஎஸ்பி மாதிரி ஓடும்போது செருகுவதற்காக அது செய்யப்படவில்லை. செருகினாலும் கம்ப்யூட்டர் கவனிக்காது, போதாக்குறைக்கு அந்தப் போர்ட்டின் ஃபியூஸ் போகவும் கூடும். ஊசிகள் வளைந்திருந்தால் காலியான பால்பாயின்ட் ரீஃபிலின் திறந்த முனையை ஊசிமேல் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம். பச்சையும் ஊதாவும் மாறிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். யுஎஸ்பி கீபோர்டை பிஎஸ்/2-வில் மாட்ட ஒரு சின்ன பச்சை அல்லது ஊதா அடாப்டர் விற்பார்கள். அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். உள்ளே வெறும் கம்பி இணைப்புத்தான் இருக்கும். இரண்டு மொழியும் பேசத் தெரிந்த பழைய கீபோர்டு, மவுஸில்தான் அது வேலை செய்யும். இப்போது வரும் பல கீபோர்டுகளுக்கு பிஎஸ்/2 மொழி தெரியாது.

பிஎஸ்/2 கீபோர்டோடு பயாஸுக்குள் போய்விட்டால் 'இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ்' அல்லது 'ஆன்போர்டு டிவைஸ்' என்ற பக்கத்தைத் திறங்கள். யுஎஸ்பி கன்ட்ரோலர், யுஎஸ்பி கீபோர்டு சப்போர்ட், லெகசி யுஎஸ்பி ஆகிய மூன்றும் எனேபிள்டு என்று இருக்கவேண்டும். நேற்று வரை இருந்த செட்டிங் எப்படி மாறும் என்று கேட்கலாம். போர்டில் எட்டணா அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, பெயர் சிஆர்2032. பயாஸ் செட்டிங்குகளை நினைவில் வைத்திருப்பது அதுதான். புதிதாக இருக்கும்போது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். 2.6, 2.7-க்குக் கீழே போனால் நம்ப முடியாது. அது தளர்ந்திருக்கும் நேரத்தில் நீண்ட கரண்ட் கட் வந்தால் செட்டிங் எல்லாம் அழிந்து, கம்பெனி வைத்த பழைய நிலைக்குப் போய்விடும். சில பழைய போர்டுகளில் அந்த நிலையில் யுஎஸ்பி கீபோர்டு அணைந்தே இருக்கும். தேதியும் நேரமும் பல வருடம் பின்னால் போயிருந்தால் குற்றவாளி இந்தப் பேட்டரிதான். மேலூரில் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் குறி மேலே தெரியும்படி மாற்றுங்கள்.

லெகசி யுஎஸ்பி மட்டும் அணைந்திருந்தால் பயாஸிலும் எஃப்8 மெனுவிலும் கீபோர்டு ஓடாது, விண்டோஸ் முழுக்க ஏறியதும் ஓட ஆரம்பித்துவிடும். உங்களுக்கு விண்டோஸிலும் ஓடவில்லை என்பதால் இது மட்டுமே காரணமாக இருக்காது. ஆனால் யுஎஸ்பி கன்ட்ரோலரே அணைந்திருந்தால் இரண்டிலும் ஓடாது.

பிஎஸ்/2 கீபோர்டு கிடைக்கவே இல்லையென்றால் பயாஸை அழித்துப் பார்க்கலாம். பேட்டரிக்குப் பக்கத்தில் 'கிளியர் சிமாஸ்' என்றோ 'ஜேபாட்' என்றோ எழுதிய மூன்று ஊசிகள் இருக்கும். பிளக்கைப் பிடுங்கியபிறகு, 1-2-ல் இருக்கும் ஜம்பர் தொப்பியை (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்னத் தொப்பி) 2-3-க்கு மாற்றி 10 வினாடி வைத்து, மறுபடி பழைய இடத்திலேயே போட்டுவிடுங்கள். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. சில போர்டுகளில் ஹார்ட் டிஸ்க் மோடும் மாறி, விண்டோஸ் ஏறாமல் நீலத் திரை வரும். பயாஸில் சாட்டா மோடு என்ற ஹார்ட் டிஸ்க் செட்டிங்கை ஐடிஇ, ஏஹெச்சிஐ இரண்டில் முன்பு எது இருந்ததோ அதற்குத் திருப்பினால் சரியாகிவிடும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மட் போட்டுவிடாதீர்கள்.

இப்போது கரண்ட் சோதனை. மல்டிமீட்டரின் ஊசியை யுஎஸ்பி போர்ட்டுக்குள் விடவேண்டாம், இரண்டு தகடுகளை ஒன்றாகத் தொட்டுவிட்டால் இல்லாத கோளாறு வரும். ஏற்கெனவே கெட்டுப்போன ஒரு மவுஸின் கேபிளை வெட்டி எடுங்கள். உள்ளே நான்கு வயர்: சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், வெள்ளையும் பச்சையும் டேட்டா. மலிவு மவுஸ்களில் நிறம் மாறியிருக்கலாம், அதனால் நல்ல போர்ட் ஒன்றில் முதலில் சரிபாருங்கள். சிவப்பையும் கறுப்பையும் மட்டும் தோல் உரித்து, மற்ற இரண்டையும் டேப் சுற்றிவிட்டு, ஒவ்வொரு போர்ட்டாகச் செருகி அளந்து வாருங்கள். 4.75-லிருந்து 5.25 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும்.

எல்லாப் போர்ட்டிலும் சுழியம் என்றால் ஃபியூஸைத் தேடுங்கள். போர்ட்டுகளுக்குப் பின்னால் போர்டில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியதாக, பச்சை அல்லது கறுப்பு நிறத்தில், பக்கத்தில் எஃப் என்று தொடங்கும் எழுத்தோடு இருக்கும். பாலிஃபியூஸ் என்பார்கள். சாதாரண ஃபியூஸ் மாதிரி எரிந்து போகாது. ஷார்ட் ஆனால் சூடாகிக் கரண்டைத் தடுக்கும், ஷார்ட்டை எடுத்து ஆறவிட்டால் தானே திரும்பும். கரண்ட் இல்லாதபோது மீட்டரை ஓம்ஸில் வைத்து அதன் இரண்டு முனைகளிலும் அளந்தால் 1 ஓமுக்குக் கீழே காட்டவேண்டும். திறந்தே இருந்தால் அதே அளவு ஆம்பியரில் வேறு போடவேண்டும். பெரும்பாலும் 1.1 அல்லது 1.5 ஆம்பியராக இருக்கும். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மொபைல் சர்வீஸ் செய்கிறவர் யாரிடம் கொடுத்தாலும் பத்து நிமிட வேலை. அந்த இடத்தில் வயரை வைத்துப் பற்றவைக்க யாரையும் விடாதீர்கள். அடுத்த ஷார்ட்டில் போர்டின் செம்புத் தடமே எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் 5 வோல்ட் இல்லையென்றால், போர்ட்டுகளுக்கு அருகே யுஎஸ்பி பவர் என்ற ஜம்பர் இருந்தால் அதன் தொப்பி கழன்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் எஸ்எம்பிஎஸ். பெரிய 24 ஊசி கனெக்டரில் 9-வது, ஊதா வயர், ஸ்டாண்ட்பை 5 வோல்ட். பிளக் மாட்டியிருந்தால் சிஸ்டம் அணைந்திருக்கும்போதும் அதில் 5 இருக்கவேண்டும். குறைவாக இருந்தாலோ ஏறி இறங்கினாலோ எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். அப்படியே போர்டில் உருளை கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தட்டையாக இருக்கவேண்டிய தலை உப்பினாலோ பழுப்பாகக் கசிந்தாலோ அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்குமேல் உள்ளதைப் போடவேண்டும்.

5 வோல்ட் நன்றாக இருக்கிறது, பென் டிரைவ்கூட வேலை செய்கிறது, கீபோர்டும் மவுஸும் மட்டும் இல்லை என்ற நிலையும் வரும். போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்று எல்லாரும் குழம்புவது இங்கேதான். உங்கள் ஜி31 போர்டில் சவுத் பிரிட்ஜாக இருக்கும் ஐசிஹெச்7 சிப்புக்குள் ஐந்து யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. வேகமான பென் டிரைவைக் கவனிக்க ஒன்று, மெதுவான சாமான்களைக் கவனிக்க நான்கு. கீபோர்டும் மவுஸும் வினாடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் பேசுபவை, அதனால் அந்த நான்கில் ஒன்றுக்குத்தான் போகும். அந்த நான்கும் ஒவ்வொன்றும் இரண்டிரண்டு போர்ட்டுகளைப் பார்த்துக்கொள்கின்றன, மொத்தம் எட்டு. ஆகவே பக்கத்துப் போர்ட்டில் மாற்றிப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள், அது ஒரே ஜோடியாக இருக்கலாம். லேன் கேபிளுக்குக் கீழே இருக்கும் இரண்டு, பிஎஸ்/2-வுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு, முன்பக்கம் என்று எல்லா ஜோடியிலும் கீபோர்டை மாட்டி ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரு ஜோடி மட்டும் பிழைத்திருந்தாலும் கடை ஓடும்.

நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள் வைத்துக் கவுன்டருக்கு இழுத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இந்த மெதுவான சாமான்களுக்கு மொத்த நீளம் 3 மீட்டருக்குமேல் போகக்கூடாது. எலி கடித்த வயர், மவுஸின் மூக்கில் உள்ளே ஒடிந்த வயர், டீ கொட்டிய கீபோர்டு எல்லாம் தனித்தனிக் கோளாறுகள். நீங்கள் புது செட் போட்டும் ஓடாததால் இங்கே அவற்றுக்கு வேலையில்லை. டீயோ ஜிகர்தண்டாவோ கொட்டினால் மட்டும் உடனே பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாள்களை வெயிலில் காயவைத்தால் சுருங்கிவிடும். நிழலில் ஒரு நாள் போதும்.

எல்லா ஜோடியும் செத்து, சவுத் பிரிட்ஜ் சிப் ஆன் செய்த ஒரு நிமிடத்துக்குள் விரல் வைக்க முடியாத அளவு கொதித்தால், யுஎஸ்பி பகுதி உள்ளேயே எரிந்துவிட்டது. விரலை வைக்குமுன் இன்னொரு கையால் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். இடி மின்னலுக்குப் பிறகு இது நடந்தால், பெரும்பாலும் பவர் வயர் வழியாக மட்டும் அடி வந்திருக்காது. இன்டர்நெட்டுக்கு வெளியிலிருந்து வரும் செம்பு வயர் வழியாக மோடத்துக்கு, அங்கிருந்து லேன் கேபிள் வழியாகப் போர்டுக்கு வரும். யுபிஎஸ் இருந்தாலும் அந்த வழியைக் காக்காது. ஐப்பசியிலும் கோடை இடி மழையிலும் கடை சாத்தும்போது பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கி வைக்கவேண்டும்.

அதைவிட முக்கியமானது எர்த். இதை ஆணித்தரமாகச் சொல்கிறேன், நம் பக்கத்துக் கடைகளில் யுஎஸ்பி போர்ட்டுகளை மெல்லக் கொல்வது எர்த் இல்லாததுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேபினட் உடம்புக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் உடம்பு 230-ல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். தொட்டால் சுரீரென்று இருக்குமே, அதுதான். அந்த நிலையில் வேறு சாக்கெட்டில் எர்த்தோடு ஓடும் ஜெராக்ஸ் மெஷினின் யுஎஸ்பி வயரைக் கொண்டுவந்து செருகினால், அந்த வித்தியாசம் முழுக்கப் போர்ட் வழியாகத்தான் சமனாகும். நூறு தடவை தாங்கும், நூற்றோராவது தடவை தாங்காது.

நியான் டெஸ்டரைக் கேபினட்டின் பின்பக்க ஸ்குரூவில் வையுங்கள். எரிந்தால் எர்த் இல்லை. மேலூர்ப் பக்கம் பாறைப் பூமி, சித்திரை வைகாசியில் எர்த் குழி காய்ந்தே கிடக்கும். குழி இருந்தும் வேலை செய்யாததற்கு அது ஒரு காரணம். கோடையில் அவ்வப்போது குழிக்குத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் வயர் உண்மையாகவே இணைந்திருக்கிறதா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அது பாதியில் நிற்கிறதா என்று வயர்மேனை வைத்துப் பார்க்கவேண்டும். நியூட்ரலையே எர்த்தில் முடிந்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் நிற்கும், உயிருக்கு ஆபத்து.

எல்லா யுஎஸ்பி ஜோடியும் செத்திருந்தாலும் உடனே போர்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. சிப் கொதிக்காமல் சிஸ்டம் ஒழுங்காக ஓடுகிறது என்றால், பிசிஐ யுஎஸ்பி 2.0 கார்டு ஒன்று வாங்கிப் போர்டின் வெள்ளை நிறப் பிசிஐ ஸ்லாட்டில் செருகினால் புதுப் போர்ட்டுகள் கிடைக்கும். செலவு சில நூறு ரூபாய்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டை மாற்றி வாங்கிவிடாதீர்கள், அந்த ஸ்லாட்டில் ஏறாது. இந்தக் கார்டில் மாட்டும் கீபோர்டு விண்டோஸில் ஓடும், பயாஸில் பெரும்பாலும் ஓடாது. அதனால் அந்த இரவல் பிஎஸ்/2 கீபோர்டைத் திருப்பிக் கொடுக்காமல் ஒன்றை விலைக்கே வாங்கி ஊதாத் துளையில் நிரந்தரமாக மாட்டி வையுங்கள்.

சிப் கொதிக்கிறது, பிஎஸ்/2-வும் ஓடவில்லை என்றால்தான் போர்டு மாற்றவேண்டிய கட்டம். அப்போதும் பிராசஸரும் ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் நன்றாகவே இருக்கலாம். பழைய ஜி31 அல்லது ஜி41 போர்டு, எல்ஜிஏ 775 சாக்கெட் என்று கேட்டு வாங்குங்கள். ஜி41-ல் டிடிஆர்2, டிடிஆர்3 என்று இரண்டு வகை வந்தது. உங்கள் ரேமில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துக்கொண்டு போங்கள். ஹார்ட் டிஸ்க்கை முன்னதாகவே கழற்றி, சாட்டா-யுஎஸ்பி கன்வர்ட்டர் வைத்து வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, வாடிக்கையாளர் ஃபைல்களையும் பில் கணக்கையும் நகல் எடுத்துவிட்டுத்தான் சர்வீஸுக்குக் கொடுக்கவேண்டும்.